மஞ்சள் மீன் கறுத்துக்கொண்டே வருகிறது: துணைக்கு யாரை விடுவது?

வைகைவடகரை:

வணக்கம். மதுரையில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியர். மீன் வளர்ப்பில் ஏழு மாத அனுபவம். அதாவது அனுபவம் இல்லை.

போன ஆடியில் சென்னைக்குப் போனபோது மச்சினன் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு அழைத்துப் போனான். கடை கடையாக ஏறி இறங்கி, கண்ணுக்கு எது அழகாகப் பட்டதோ அதையெல்லாம் எடுத்தோம். ஆக்சிஜன் அடைத்த பைகளைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, இரவு பஸ்ஸில் மதுரை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இருப்பது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி.

வாங்கியவை இவை. ‘மஞ்சள் சிக்லிட்’ என்று சீட்டு ஒட்டியிருந்த தொட்டியிலிருந்து 5. ஏஞ்சல் 2. கட்டைவிரல் அளவில் ஓர் ஆஸ்கர். ஆரஞ்சு நிறப் பேரட் 2. நியான் டெட்ரா 10. கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லிக் கடைக்காரர் கையில் திணித்த சக்கர் மீன் 1.

இன்றைய நிலவரம்: நியான் ஒன்றுகூட இல்லை. செத்து மிதந்ததையும் பார்க்கவில்லை. காலையில் எண்ணினால் ஒன்று குறையும், அவ்வளவுதான். ஏஞ்சலில் ஒன்று பொங்கலுக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருப்பதன் கீழே தொங்கும் இழைகளைக் கத்தரியால் நறுக்கியதுபோல இருக்கிறது. ஆஸ்கர் என் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. பேரட் இரண்டும் மண்சட்டிக்குள் போனால் தீனிக்குக்கூட வெளியே வருவதில்லை.

மஞ்சள் மீன்கள்தான் பெரிய புதிர். வாங்கும்போது ஐந்தும் பொன்னிறத்தில் கறுப்புக் கோடுகளோடு ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. ஒரு மாதமாக அவற்றில் ஒன்று கறுத்துக்கொண்டே வருகிறது. பொன்னாக இருந்த வயிறு இப்போது அடுப்புக்கரி. கறுப்பாக இருந்த கோடுகள் வெளிறி நீலம் பாய்ந்திருக்கின்றன. என் மகள் அதற்குக் கருப்பசாமி என்று பெயர் வைத்துவிட்டாள். இன்னொரு மஞ்சள் மீன் ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, தண்ணீரின் மேல்மட்டத்தில், தலை மேலே வால் கீழே என்று நின்றுகொண்டே இருக்கிறது. வாலில் பாதியைக் காணோம்.

என் கேள்விகள் இரண்டு. கறுப்பது நோயா? தொட்டியில் அமைதி வர எந்த மீனைத் துணைக்கு விடலாம்? எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் ஃபிளவர்ஹார்ன் என்ற, தலை புடைத்த முரட்டு மீனை வளர்க்கிறார். “தலைமை ஆசிரியர் இல்லாத பள்ளி இப்படித்தான் இருக்கும். பெரியதாக ஒரு ஃபிளவர்ஹார்னை விடுங்கள், எல்லாம் அடங்கிவிடும்” என்கிறார். விடலாமா?

நீந்தும்நிலா:

கறுப்பது அம்மோனியாவால் வந்த புண்ணாக இருக்கலாம். 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பும், தண்ணீர் நீலமாகும்வரை மெத்திலீன் புளூவும் ஊற்றிப் பாருங்கள். உங்கள் மஞ்சள் மீன், ஏஞ்சல், ஆஸ்கர், பேரட் எல்லாம் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். சிக்லிட்டோடு சிக்லிட் சேரும், பயப்பட வேண்டாம். எதற்கு எது சேரும் என்று பட்டியல்கள் நிறைய உண்டு, அவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

மொட்டைமாடித்தொட்டி:

தம்பி, முதலில் அந்த நீல மருந்து பாட்டிலை மூடி வையுங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அது ஃபில்டருக்குள் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். பிறகு உண்மையாகவே அம்மோனியா ஏறும். தொட்டி மூலைகளில் இருக்கும் சிலிகானும் நீலச் சாயம் ஏறி அப்படியே நின்றுவிடும்.

கருப்பசாமிக்கு நோய் எதுவும் இல்லை. பதவி வந்திருக்கிறது.

உங்களிடம் இருப்பது மெலனோகுரோமிஸ் ஆராட்டஸ். கடைகளில் ஆராட்டஸ் என்றாலே தெரியும். மெலனோ என்றால் கறுப்பு, ஆராட்டஸ் என்றால் பொன் பூசியது. மீனின் ஜாதகம் முழுவதும் பெயரிலேயே இருக்கிறது. குஞ்சுகளும் பெண்களும் பொன்னிறம், கறுப்புக் கோடு. ஆண் வளர்ந்து தொட்டியில் கை ஓங்கியதும் நிறம் தலைகீழாகிவிடும்: உடல் கறுப்பு, கோடு வெளிர்நீலம். அதன் ஊர் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. அங்கே பாறை இடுக்குகளில் வாழும் இந்தக் கூட்டத்துக்கு ஏரிக்கரை மக்கள் வைத்த பெயர் ம்புனா. நம் வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் ம்புனாக்களில் ஆராட்டஸ்தான் முதல் வரிசை முரடன். நாலு அங்குலம்தான் வளரும். குணம் நாற்பது அங்குலம்.

கடையில் நடந்தது என்னவென்று சொல்கிறேன். மஞ்சள் சிக்லிட் என்ற ஒரே சீட்டில் இரண்டு மீன்களை விற்கிறார்கள். ஒன்று இந்த முரடன். மற்றது எலக்ட்ரிக் எல்லோ. அதன் உடம்பில் கோடே இருக்காது, சுத்த எலுமிச்சை நிறம். கறுப்பு என்பது முதுகுத்துடுப்பின் ஓரத்தில் மை தீட்டியதுபோல ஒரு வரி, வயிற்றுத்துடுப்பில் கொஞ்சம், அவ்வளவே. ம்புனாக்களில் அது சாது வகை. அறிவியல் பெயரில் ‘சீருலியஸ்’ என்று வரும், அதற்கு அர்த்தம் நீலம். மஞ்சள் மீனுக்கு நீலம் என்று எப்படிப் பெயர் வந்தது என்று சிரிக்காதீர்கள். ஏரியில் அதற்கு வெண்ணீல வகைகளும் உண்டு. ஆக, உடம்பில் தலை முதல் வால் வரை கோடு ஓடினால் ஆராட்டஸ். இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த முறை கடைக்குப் போங்கள்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். ஹீட்டர் இடுக்கில் நிற்கும் மீன் உங்களிடம் ஒரு செய்தி சொல்கிறது. ஏரியில் இரண்டு ஆண்கள் மோதினால் தோற்றவன் நாலு பாறை தள்ளிப் போய்விடுவான், கதை முடிந்தது. வென்றவனும் தன் பாறையை விட்டு வெகுதூரம் துரத்த மாட்டான், விட்டுப்போனால் பாறை பறிபோகும். உங்கள் தொட்டியில் தோற்றவன் ஓடினால் 4 அடியில் கண்ணாடி. திரும்பி வந்தால் மறுபடி வென்றவனின் வாசல். அவனைப் பொறுத்தவரை இவன் திரும்பத் திரும்ப வந்து வம்பு செய்கிறான். கடைசியில் தோற்றவனுக்குத் தொட்டியில் கிடைப்பது மேல்மூலை ஒன்றுதான், அங்கேதான் எவனுக்கும் பாறை கிடையாது. மேல்மூலையில் ஒரு சிக்லிட் தலைதூக்கி நிற்கிறது என்றால் அதற்கு இன்னும் சில நாட்கள்தான் என்று பொருள். இன்றைக்கே அதைப் பிடித்து வாளியில் ஏர் பம்ப் போட்டு வையுங்கள். (மதுரைக்கு ஹீட்டர் எதற்கு? இப்போதைக்கு ஒளிந்துகொள்ளவாவது பயன்பட்டது.)

துணைமீன் பட்டியல்களை நான் குறை சொல்லவில்லை. நானும் பார்த்தவன்தான், பார்த்துக் கெட்டவன். 2009இல் வில்லிவாக்கம் வீட்டில் இதே 4 அடித் தொட்டி. பட்டியலில் ‘சேரும்’ என்று போட்டிருந்த 14 ம்புனாக்கள். அவற்றில் கென்யி என்ற வகையில் ஒரு ஜோடி. அதில் பெண் நீலம், ஆண் மஞ்சள், ஆராட்டஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போன்ற குணம். ஒன்பது நாளில் ஆறு மீன் போயிற்று. ஒவ்வொரு முறையும் தண்ணீரைப் பரிசோதித்தேன், மாற்றினேன், உப்புப் போட்டேன். தீனி போடும்போது எல்லாம் ஒன்றாக வந்து சாப்பிடும். பார்த்தால் கல்யாணப் பந்தி. ஒருநாள் தூக்கம் பிடிக்காமல் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெறுமனே தொட்டி முன் போய் உட்கார்ந்தேன். விளக்குப் போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் கசியத் தொடங்கியதும் மஞ்சள் ஆண் பாறைக்குள்ளிருந்து வெளியே வந்தான். வரிசையாக ஒவ்வோர் இடுக்காகப் போய், உள்ளே தூங்குகிறவனை இடித்து வெளியே தள்ளி, விலாவில் ஒரு கடி. அடுத்த இடுக்கு. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரப் பத்து நிமிடம் ஆகவில்லை. விளக்கைப் போட்டேன், நல்ல பிள்ளையாகத் தீனிக்கு மேலே வந்து நின்றான். நான் ஒன்பது நாள் தண்ணீரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் துணை தேடும் முன் நாலு விஷயம் பாருங்கள். அந்த நாலும் உங்கள் தொட்டியில் பொருந்தவில்லை.

வாய். நியான்கள் எங்கே போயின என்று இப்போது தெரிந்திருக்கும். வாய்க்குள் நுழைவது எதுவும் சிக்லிட்டுக்குத் துணையல்ல, தீனி. ஆஸ்கரும் தின்றிருக்கும், ஏஞ்சலும் தின்றிருக்கும். ஏஞ்சல் பார்க்கத்தான் தேவதை.

தண்ணீர். ஆஸ்கரும் ஏஞ்சலும் தென்னமெரிக்கா, மென்னீர். ம்புனாவுக்குக் காரத்தன்மை வேண்டும், பி.எச். 7.8க்கு மேல் இருந்தால் சுகம். உங்கள் வீட்டுக் கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதா? படியும் தண்ணீர் ம்புனாவுக்கு ஆகும். பாசத்தில் கேன் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். இதில் நான் ரொம்பக் கறாராகப் பேச மாட்டேன். பண்ணைத் தொட்டியில் போர் தண்ணீரில் பிறந்த ஏஞ்சலுக்கு அமேசான் தெரியாது, சமாளித்துக்கொள்ளும்.

வயிறு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ம்புனா பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன், குடல் நீளம். ஆஸ்கருக்கு மாமிசம். இரண்டுக்கும் ஒரே தீனி போட்டால் ஒன்று பட்டினி கிடக்கும் அல்லது மற்றது உப்பிச் சாகும். ம்புனாவுக்கு உயிர்ப்புழு போட்டுப் பழக்கினால் தீனியைத் துப்பும், வயிறு வீங்கும், கழிவு வெள்ளை நூலாகத் தொங்கும், அதற்குப் பிறகு பிழைப்பது அபூர்வம். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி, வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணி, இவை போதும்.

முகம். ம்புனா ஆணுக்குத் தன்னைப்போல இருப்பவன் முதல் எதிரி. நிறமோ கோடோ ஒத்துப்போனால் வேறு இனம் என்றுகூடப் பார்க்காது. நிறம் மாறுபட்டவனைச் சட்டை செய்யாது. ஒரு கோட்டு மீன், ஒரு வெற்று மஞ்சள், ஒரு ஊதா என்று எடுப்பது இதற்காகத்தான், அழகுக்காக அல்ல.

பேரட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இயற்கையில் இல்லாத கலப்பு மீன். வாயை முழுதாக மூடக்கூட முடியாது, பாருங்கள், எப்போதும் ‘ஓ’ என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கும். கடித்தால் கடி விழாது. அதை ஆராட்டஸோடு விடுவது கையைக் கட்டிவிட்டு மல்யுத்தத்துக்கு அனுப்புவது.

கணித ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஃபிளவர்ஹார்னை விட்டால் தொட்டியில் அமைதி வரும், சந்தேகமே இல்லை. ஒரே ஒரு மாணவன் மிஞ்சிய வகுப்பில் சத்தம் எங்கிருந்து வரும்?

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஒரு தொட்டிக்குள் மூன்று தொட்டி மீன் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்கர் ஒரு அடி வளரும். அதற்குத் துணை தேடுவதற்கு முன் 6 அடித் தொட்டி தேட வேண்டும். அது கிடைத்தால் வாயில் நுழையாத சில்வர் டாலர் மீன் கூட்டத்தை விடலாம். இப்போதைக்குக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போர் தண்ணீர், 4 அடி, சிக்லிட் ஆசை மூன்றும் இருப்பதால் உங்களுக்கு ம்புனாதான் பொருத்தம். ஆராட்டஸ் ஐந்தையும் எடுத்துவிட்டு எலக்ட்ரிக் எல்லோ 7, அசேய் 6, ரஸ்டி 6 என்று விடுங்கள். அசேய் ஊதா உடலும் மஞ்சள் வாலுமாக மேல்தண்ணீரிலேயே கூட்டமாகத் திரியும், பாறைக்கு அவ்வளவாகப் போட்டியிடாது. ரஸ்டி செம்பு நிறம், பரம சாது. ஆண் குறைவாக, பெண் மூன்று நான்கு மடங்காக இருக்கட்டும். குஞ்சில் பிரித்தறிய முடியாது, வளர்ந்த பிறகு கூடுதல் ஆணை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். நாள் பார்த்து ஒவ்வொன்றாக விட்டால் கடைசியில் வருபவன் வாடகை வீட்டுக்காரன் ஆகிவிடுவான். விடுவதற்கு முன் பாறைகளை முழுக்கக் கலைத்து வேறுமாதிரி அடுக்குங்கள், பழைய ஆள் எவன் இருந்தாலும் அவன் பட்டா செல்லாது. பாறையை மணலின் மேல் வைக்காதீர்கள். இவை மணலைத் தோண்டும், பாறை சரியும், கண்ணாடி போகும். அடிக்கண்ணாடிமேல் தெர்மாகோல் தாள், அதன்மேல் பாறை, கடைசியில் மணல்.

எடுத்த மீன்களை வைகையிலோ தெப்பக்குளத்திலோ விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் கிடைக்கும் ஜிலேபியும் ஒரு சிக்லிட்தான், தெரியுமா? 1952இல் வளர்ப்புக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்; இன்று அது இல்லாத குளம் இல்லை. சக்கர் மீனும் இப்படித் தொட்டியிலிருந்து கொட்டப்பட்டே நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது.

சிறுவாணிப்பெண்:

மொட்டைமாடி ஐயா சொன்னதில் ஆராட்டஸ் பற்றிய எல்லாவற்றுக்கும் கைதூக்குகிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். 4 அடியில் 19 ம்புனா என்று அவர் சொல்வது கூட்டத்தில் அடி பிரிந்து விழும் என்ற கணக்கு. ஒருவனையே துரத்த முடியாதபடி ஆட்கள் குறுக்கே போய்க்கொண்டிருப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வருகிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறியிருக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. ஃபில்டர் நின்றால் 19 மீன் உள்ள தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்? என் தோழியின் தொட்டி போன ஆண்டு மே மாதம் தாங்கவில்லை. அவள் பள்ளியிலிருந்து மூன்றரை மணிக்கு வந்தபோது எல்லாம் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன, பாதி ஏற்கெனவே கவிழ்ந்துவிட்டன. அடிதடியில் அவளுக்கு ஒரு மீன்கூடச் சாகவில்லை.

இன்னொன்று, ஏஞ்சலும் நியானும் சேரவே சேராது என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் குழாயில் சிறுவாணி வருகிறது, கெட்டிலில் ஒரு பொட்டு வெள்ளை படியாது. அமேசான் மீனுக்கு அது சொர்க்கம். நியானுக்கு உறவான கார்டினல் டெட்ராவில் முழு வளர்ச்சி அடைந்த 20ஐ முதலில் விட்டு, ஆறு மாதம் கழித்து ஐந்து ரூபாய்க் காசு அளவு ஏஞ்சல் குட்டிகள் நாலை விட்டேன். சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்ததால் அவற்றைத் தீனியாக நினைக்கவே இல்லை. மூன்று ஆண்டு ஒரு சண்டை கிடையாது.

பிறகு ஒருநாள் ஒரு ஜோடி ஃபில்டர் குழாயை விடாமல் கொத்திச் சுத்தம் செய்தது. மறுநாள் குழாய் நெடுக வரிசையாக முட்டை, கடுகைவிடச் சின்னது, கண்ணாடி போல. அன்று மாலை மற்ற இரண்டு ஏஞ்சலும் இருபது டெட்ராவும் தொட்டியின் மறுகோடியில் ஒரு சாண் இடத்தில் அடைந்து கிடந்தன. நான் துணியோடு கண்ணாடி அருகே போனபோது அந்த ஜோடி என் கையையும் முட்ட வந்தது. மூன்று ஆண்டு நண்பர்கள்! சிக்லிட் எதுவானாலும் பிள்ளை பிறந்த வீட்டில் விருந்தாளிக்கு இடமில்லை. துணை தேடும்போது ஆண் பெண் சேர்ந்து ஜோடி கட்டினால் என்ன செய்வோம் என்பதையும் யோசித்து வையுங்கள். எனக்கு ஒரு காலித் தொட்டி எப்போதும் தயாராக இருக்கிறது.

மொட்டைமாடித்தொட்டி:

மின்தடை விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி, நான் எழுதும்போது மறந்தேன். என் வீட்டில் இன்வெர்ட்டர் வந்து பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று, அந்தச் சுகத்தில் எழுதிவிட்டேன். தம்பி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்குங்கள், மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் வகை. அது வாங்கும்வரை 12 மீனுக்கு மேல் வேண்டாம். அறிவிப்பு வந்த நாளில் முந்தைய இரவிலிருந்தே தீனி போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் மூச்சும் கொஞ்சமே வேண்டும்.

ஏஞ்சல் கதையைப் படித்ததும் நம் நாட்டுச் சிக்லிட்டுகள் ஞாபகம் வந்தன. கேரளத்தில் பொரித்துச் சாப்பிடும் கரிமீன் இருக்கிறதே, அதுவும் சிக்லிட். நம் கழிமுகங்களிலும் உண்டு. அதே காயலில் ஆரஞ்சு குரோமைட் என்ற சின்ன உறவினன் ஒருவன். இவன் கரிமீனின் துடுப்பில் ஒட்டியிருக்கும் பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் கொத்தி எடுத்துச் சுத்தம் செய்வான், கரிமீனும் துடுப்பை விரித்து நின்று காட்டும். கரிமீன் முட்டையிட்டால் இதே ஆள்தான் முதல் திருடன், முட்டையையும் குஞ்சையும் தின்பான். முட்டையிட்ட கரிமீன் அவனைக் கண்டாலே துரத்தும், மற்ற நாளில் துடுப்பை நீட்டும். இந்த இரண்டையும் எந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் போடுவது?

வைகைவடகரை:

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தேர்வுக் காலம்.

ஹீட்டர் இடுக்கு மீன் அன்றிரவே வாளிக்குப் போயும் மூன்றாம் நாள் இறந்துவிட்டது. மகள் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தாள். ஐயா சொன்னபடி மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்தேன். கருப்பசாமி மண்சட்டியை மூன்று முறை சுற்றிவந்தான், பேரட் தலையை நீட்டியதும் இடித்து உள்ளே தள்ளினான். இடித்த சத்தம் சட்டியில் ‘டொக்’ என்று வெளியே கேட்டது. ஏழு மாதமாக அந்தச் சத்தத்தைப் பக்கத்துவீட்டுக் குழாய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆஸ்கரையும் சக்கரையும் பேரட்டுகளையும் உள்ளூர்க் கடை ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள். காசு தரவில்லை, ஒரு டப்பா தீனி தந்தார்கள். ஆராட்டஸ் பெண்கள் மூன்றும் அங்கேயே போயின. ஏஞ்சலை மாணவன் ஒருவன் வாங்கிப்போனான். பாறைகளைக் கலைத்து, தெர்மாகோல் தாள் போட்டு அடுக்கினேன். எலக்ட்ரிக் எல்லோ 6, அசேய் 5, மொத்தம் 11. ரஸ்டி இங்கே கிடைக்கவில்லை. பேட்டரி பம்ப் வாங்கிவிட்டேன். எல்லோவில் நாலு, பாதி வளர்ந்தவையாகவே கிடைத்தன. கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தபோது கடைப் பையன் அடிக்கடி பெருமூச்சு விட்டான்.

சண்டை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். துரத்துகிறார்கள், அரை அடி போய் விட்டுவிடுகிறார்கள். மேல்மூலையில் யாரும் நிற்பதில்லை.

புதிதாக ஒரு சந்தேகம். எல்லோ பெண் ஒன்று நாலு நாளாகத் தீனி தொடவில்லை. தாடை உப்பி, கன்னத்தில் பாக்கு வைத்திருப்பது போல இருக்கிறது. வயிறு வீங்கவில்லை. ஐயா சொன்ன அந்த உப்பும் நோயா?

மொட்டைமாடித்தொட்டி:

வாய் உப்பினால் பிள்ளை, வயிறு உப்பினால் நோய். வாய்க்குள் முட்டை வைத்திருக்கிறாள். ம்புனாத் தாய்கள் எல்லாம் இப்படித்தான், ஏறக்குறைய மூன்று வாரம் சாப்பிடாமல் வாயிலேயே பொரித்துக் குஞ்சாக்கித் துப்புவார்கள். வலையோடு துரத்தாதீர்கள், பயத்தில் விழுங்கிவிடுவாள். முதல் பேறு என்றால் பாதியில் விழுங்கிவிடவும் கூடும், அடுத்த முறை சரியாகிவிடும். அவளுக்கு மட்டும் ஒரு சின்னக் குகை, மற்றவர்கள் தலை நுழையாத வாசலோடு, ஓரமாக வைத்துப் பாருங்கள்.

கருப்பசாமி என்ன ஆனான் என்று சொல்லவே இல்லையே?

வைகைவடகரை:

அவனைக் கணித ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஃபிளவர்ஹார்னோடு விடவில்லை, அவருக்கே தைரியம் வரவில்லை. தனியாக 2 அடித் தொட்டியில் வைத்திருக்கிறார். தினமும் இடைவேளையில் என்னிடம் வந்து குறை சொல்கிறார்: காலையிலிருந்து இரவு வரை கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடேயே சண்டை போடுகிறானாம், மூக்கில் தோல் உரிந்துவிட்டதாம். என்ன செய்யச் சொல்லட்டும்?

மொட்டைமாடித்தொட்டி:

பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் கண்ணாடிக்கு வெளியே வெளிர்நிற அட்டை ஒட்டச் சொல்லுங்கள், கறுப்பு வேண்டாம், கறுப்புப் பின்னணியில் உருவம் இன்னும் நன்றாகத் தெரியும். விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். உள்ளே நாலு பாறை போட்டு, ஒரு குகை. அதற்கும் அடங்காவிட்டால் கண்ணாடியில் பாசி பிடிக்கட்டும், துடைக்க வேண்டாம். அவனே சுரண்டித் தின்றுகொள்வான்.